பதில் வராமல் மூட்டை இறங்காது

1. கைதான் யோசிக்கணும்

துறைமுகத்தில் சேர்ந்த முதல் நாளே மேஸ்திரி சொல்லிவிட்டார்: "இந்த வேலைல மண்டை ரோசிக்கக் கூடாது. கைதான் ரோசிக்கணும்." எனக்கோ, டீயா காபியா என்று முடிவெடுக்கவே கால்மணி நேரம் வேண்டும்.

நான் சிக்னல்காரன். கப்பலில் சரக்கு ஏற்றும் ஸ்டீம் விஞ்சை ஓட்டுபவனுக்கு ஹேச்சுக்குள், அதாவது சரக்கு அறைக்குள், என்ன நடக்கிறதென்று தெரியாது. விளிம்பில் நின்று நான் கை காட்டினால் ஏற்றுவான், இறக்குவான், நிறுத்துவான். நானோ நிறுத்தச் சொல்லிவிட்டு, மூட்டை அந்த மூலைக்கா இந்த மூலைக்கா என்று நின்றுகொண்டிருப்பேன். விஞ்ச் மாணிக்கம் கத்துவான்.

"இன்னா நைனா, கையைத் தூக்கினு நிக்கிற? பஸ்ஸா நிறுத்துற?"

2. மாணிக்கத்தின் தங்கை

மாணிக்கம் காசிமேட்டுக்காரன். தன் தங்கை பார்வதியைக் கட்டிக்கொள்கிறாயா என்று அவனே கேட்டான். பெண்ணைப் பார்த்திருக்கிறேன். பிடித்திருந்தது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஆறு மாதம் யோசித்தேன். நான் இருப்பது திருவொற்றியூர். மாமியார் வீடு இவ்வளவு கிட்டே இருப்பது நல்லதா? விஞ்ச்காரன் மச்சானாகிவிட்டால் வேலையில் அதட்ட முடியுமா? நல்லது ஒரு பக்கம், கெட்டது ஒரு பக்கம் என்று நோட்டில் எழுதிக்கூடப் பார்த்தேன். நோட்டு தீர்ந்தது, சந்தேகம் தீரவில்லை.

அதற்குள் எர்ணாவூரிலிருந்து வேறொரு மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாகச் சேதி வந்தது. அன்று வியாழக்கிழமை.

3. தொங்கிய வெங்காயம்

அன்றைக்குக் கொழும்புக்கு வெங்காயம் ஏற்றினோம். ஒரு கட்டு மூட்டை ஹேச்சுக்கு நேர் மேலே வந்தது. கீழே மூட்டை அடுக்கும் கேங்கு ஆட்கள் ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். இறக்கச் சொல்லிக் கை காட்டினேன். இறங்கவில்லை. மறுபடியும் காட்டினேன். மாணிக்கம் லீவரில் கை வைத்தபடி என்னையே முறைத்துக்கொண்டிருந்தான்.

"இறக்குடா!"

"நீ பதில் சொல்லு, இறக்குறேன். ஆறு மாசமா என் தங்கச்சிய இப்பிடித்தான தொங்க வுட்டுகினு கீற?"

கரையிலிருந்து போர்மேன் குரல் கொடுத்தார். "இன்னாடா அங்க? சாயங்காலம் கப்பல் போவணும்! ரெண்டு பேர் சீட்டையும் கிழிச்சிடுவேன்!"

ஹேச்சுக்குள்ளிருந்து கேங்கு மொத்தமும் கூவியது. "சரின்னு சொல்லிடு மாமு! அண்ணாந்து பாத்து கழுத்து வலிக்குது!"

காற்றில் மூட்டை ஆடியது. வெங்காயச் சருகு அட்சதை மாதிரி என் தலையில் உதிர்ந்தது. நோட்டில் எழுதியதில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. நாளைக்கு அவள் வேறொருத்தன் முன்னால் போய் நிற்பாள் என்பது மட்டும்தான் வந்தது.

"கட்டிக்கிறேன்டா! உன் தங்கச்சியத்தான் கட்டிக்கிறேன்! இறக்கித் தொலை!"

மூட்டை பூப்போல இறங்கியது. "கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்ள, மேல பட்டுறப் போவுது" என்றான் மாணிக்கம். அதுவரை அந்தப் பயல் எனக்கு மரியாதையே கொடுத்ததில்லை. வர வேண்டாமென்று எர்ணாவூருக்கு அன்றைக்கே ஆள் போனது.

கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து பார்வதியிடம் கேட்டேன், என்னைக் கட்டிக்கொள்ள அவள் எத்தனை நாள் யோசித்தாள் என்று.

"இன்னாத்த ரோசிக்கிறது? அண்ணன் வந்து கேக்க சொல்லோ கருவாடு வறுத்துகினு இருந்தேன். தீஞ்சிப் போவுதேன்னு சரின்னுட்டேன்."

வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். ஆறு மாதம் யோசித்த எனக்கும் அடுப்படியில் நின்ற அவளுக்கும் கிடைத்த பதில் ஒன்றேதான். அவளுக்குக் கருவாடாவது மிஞ்சியது.