மிளகாய் இலையில் நூல் பிடித்து நின்ற முட்டைகள்

சுதந்திரம் வந்த மறு வருஷம், தை மாதம். திருவாடானைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்ட என் அக்காவுக்கு அப்போது ஏழு மாதம். "கூடமாட இருந்துட்டு வா" என்று அம்மா அனுப்பினாள். காலை ஏழு மணிக்குத் தேவகோட்டையில் பஸ் ஏறினேன். பன்னிரண்டு மைலுக்கு இரண்டு மணி நேரம்! இறங்கும்போது கொண்டுபோன முறுக்கெல்லாம் தூளாகிவிட்டது.

அக்கா வீட்டில் யார் முகத்திலும் சிரிப்பில்லை. மிளகாய்ச் செடி முழுக்கச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. "இந்த வெள்ளாமையும் போச்சுன்னா நான் கொழும்புக்குக் கப்பலேறிருவேன்" என்றார் அத்தான். பிள்ளை பிறக்கும்போது இவர் பக்கத்தில் இருக்கமாட்டாரே என்று அக்கா அழுதாள்.

மறுநாள் அவளோடு மிளகாய்க் கொல்லைக்குப் போனேன். சில இலைகளின் அடியில் வெள்ளை வெள்ளையாக மயிரிழைகள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு புள்ளி. "புதுசா என்னமோ பூசணம்டி, பிச்சுப் போடு" என்றாள். அங்கே நோய் கண்ட இலைகளை வரப்பில் குவித்து, காய்ந்ததும் எரிப்பார்கள். பிறகு விடியற்காலைப் பனியில் செடிமேல் அடுப்புச் சாம்பல் தூவுவார்கள். ஒரு கூடை பிய்த்தோம். அழகாக இருக்கிறதே என்று ஓர் இலையை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து டம்ளரில் வைத்தேன்.

இரண்டாம் நாள் காலை ஒரு புள்ளி பிளந்தது. கடுகில் பாதிகூட இல்லாத புழு, அந்த இழையைப் பிடித்துக் கீழே இறங்கியது. நேராகப் போய் ஓர் அசுவினியைக் கவ்வி உறிஞ்சத் தொடங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பூசணமாவது ஒன்றாவது, அத்தனையும் முட்டைகள்! சாயங்காலம் விளக்கடியில் வந்து உட்காருமே, பொன்னிறக் கண்ணும் கண்ணாடி இறக்கையுமாக ஒரு பச்சைப் பூச்சி, அது இட்டவை. பிறந்த வேகத்தில் பிள்ளைகள் ஒன்றையொன்று தின்றுவிடும் என்றுதான் தனித்தனி நூலில் நிறுத்துகிறதாம். இதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டபோது இன்னொரு முறை வாய்பிளந்தேன்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அய்யோ, புள்ளத்தாச்சி கையால கொல்லப் பாத்தேனே!" என்று வரப்புக்கு ஓடினாள். நல்லவேளை, குவியல் இன்னும் காயவில்லை. ஒவ்வோர் இலையாக எடுத்துச் செடிகளின் கவட்டில் செருகினோம். மறுநாள் விடியலில் அத்தான் சாம்பல் கூடையோடு வந்தார். அக்கா குறுக்கே நின்றாள்.

"ஒரு வாரம் பொறுங்க. தூவுனீகன்னா ஒங்களுக்குச் சோறு கெடையாது!"

அந்த வாரத்தில் புழுக்கள் தின்று தீர்த்த அசுவினிக் கூடுகளை முதுகில் சுமந்துகொண்டே அடுத்ததைத் தேடி அலைந்தன. அத்தான் வரப்பில் குந்தி மணிக்கணக்கில் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். செடிகளில் புதுக் கொழுந்து விட்டது.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தை, மாசியில் போங்கள். வெயில் ஏறுமுன் கொல்லையில் இருக்கவேண்டும். குடிக்கத் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், கிணறுகள் பாதி உப்பு. இலையைப் பிய்க்காமல் திருப்பிப் பாருங்கள், அது போதும்.

கிளம்பும் நாளன்று அத்தான்தான் பஸ் ஏற்றிவிட வந்தார். "எப்ப அத்தான் கப்பல்?" என்று கேட்டேன்.

"போடி அங்கிட்டு. இத்தன பேரு நம்ம கொல்லையில வேலை பாக்குறப்ப, நான் எங்கன போறது?"