முன் வாங்கில் அன்ரன் அண்ணை

போன சனிக்கிழமை என்னைக் கொண்டுபோய்க் கோயிலின் கடைசியில், மிக்ஸருக்கு முன்னால் இருத்திவிட்டார்கள். கொறிக்கிற மிக்ஸர் இல்லை... மைக் எல்லாவற்றையும் கொண்டுவந்து செருகுகிற மிக்ஸர். குமிழும் பொத்தானுமாக, பார்த்தாலே தலை சுற்றும்.

“தங்கச்சி, ஒண்டிலையும் கை வைக்காதேங்கோ. சும்மா இருந்தாக் காணும்” என்றார் அன்ரன் அண்ணை.

சும்மா இருக்க ஓர் ஆள் தேவையா? தேவைதான். எங்கள் கத்தோலிக்கத் தமிழ் மிஷன் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கதிரையில் இருந்தவர் அவர். அன்று அவருடைய மகள் கிளேருக்குக் கலியாணம். அப்பா முதல் வரிசையில், முன் வாங்கில் இருந்தே ஆகவேண்டும் என்பது மகளின் கட்டளை.

அந்தக் கட்டளை பிறந்த இடம் லா சப்பல் தமிழ்க் கடைத்தெருவில் ஒரு புடவைக் கடை வாசல். தற்செயலாக நானும் அங்கே நின்றேன். என் கெட்ட காலம்!

“பப்பா, எல்லாற்றை கலியாணத்திலையும் நீங்கள் பின்னுக்கு. என்ரை கலியாணத்திலை முன்னுக்கு. சே தூ! அவ்வளவுதான்!”

“அப்ப மைக்கை ஆர் பாக்கிறது?”

“அன்ரி பாத்துக்கொள்ளுவா.”

“அன்ரியோ?” என்று அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார் பாருங்கள்... அந்தப் பார்வையை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன்.

கிளேர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடித்தாள் என்று எனக்குத் தெரியும். இங்கே பிறந்த பிள்ளை. அப்பா தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லியே வளர்ந்தவள். அவள் கலியாண வாக்குறுதியைத் தமிழில் சொல்ல முடிவெடுத்து, ஒரு மாதமாக என் வீட்டுக் குசினியில் வந்து நின்று பாடமாக்கினாள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா அதை முன்னால் இருந்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கவேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது.

மிஷன் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? சுவாமியார், பிரசங்கம், ஞானஸ்நானம்? எனக்கு வயர்தான் ஞாபகம் வரும். நீளமான கறுப்பு வயர். அதைக் கையில் சுருட்டிக்கொண்டு நிற்கிற அன்ரன் அண்ணை.

நாங்கள் வந்த புதிதில் எங்களுக்கென்று ஒரு கோயில் ஏது? பிரெஞ்சுக்காரர் தங்கள் பூசையை முடித்துக்கொண்டு போனபிறகு இரவல் வாங்குவோம். ஒரு ஞாயிறு எபினே, அடுத்த ஞாயிறு ஆர்ஜொந்தெய், அதற்கடுத்தது லெ பிளாங்-மெனில் என்று ஊர் ஊராக அலைவோம். சுவாமியார் ஒரு பையோடு வருவார். அன்ரன் அண்ணை, மரக்கறி வாங்கப் போகிற தள்ளுவண்டியில் ஸ்பீக்கரைக் கட்டி, ரெயினில் ஏற்றி இறக்கி, மூச்சு வாங்க வருவார். கிழமை முழுக்க உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை. கிடைக்கிற ஒரே லீவு நாளையும் இப்படிக் கொடுத்தார்.

பனிக்காலத்தில் மிக்ஸருக்குக் குளிர் பிடித்துவிடும் என்று, கைக்குழந்தை கிளேரின் கம்பளியை எடுத்து அதற்குச் சுற்றிவிடுவார். றீற்றா அக்கா, அதுதான் அவருடைய மனைவி, ரெயினில் வைத்தே கத்துவார்: “பிள்ளைக்குக் குளிராதே, மனுசா?”

“பிள்ளையை நீ தூக்கி வைச்சிருக்கிறாய். மிக்ஸரை ஆர் தூக்கி வைச்சிருக்கினம்?”

என்ன மனிதரப்பா!

கிளேர் வளர்ந்ததே அந்த மிக்ஸர் மேசைக்குக் கீழேதான். பாடகர் குழுவில் நின்ற எங்களுக்கு அவள் தலை தெரியும். மேசைக்கு மேலே அவள் அப்பாவின் கை தெரியும். அந்தக் கைதான் எங்களுக்குப் பாஷை. தாடையைத் தொட்டால், மைக்குக்குக் கிட்டப் போ. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து மெல்ல அமத்தினால், பதறாதே, நான் பாத்துக்கொள்ளுறன். மைக் செத்தாலும் கரண்ட் போனாலும் அந்தக் கை அமத்துவதைக் கண்டால் எங்களுக்குப் பயம் போய்விடும். அது ஒரு காலம்... இப்போது நினைத்தாலும் மனம் அங்கேயே ஓடுகிறது.

என் அப்பா மன்னாரில் கண்மூடியபோது எனக்கு இங்கே விசா இல்லை. போக வழியில்லை. அவருக்காக இங்கே வைத்த பூசையை அன்ரன் அண்ணை கசெற்றில் பிடித்தார். நான் பாடும்போது அழுதுவிட்டேன். “அதை வெட்டிவிடட்டோ, தங்கச்சி?” என்று கேட்டார். நான் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் வெட்டவில்லை. ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்துவிட்டேன். அதைப் போட்டுக் கேட்டுவிட்டு அம்மா ரெலிபோனில் சொன்னார்: “நீ அழுதது கேட்டுது, பிள்ளை. நீயும் பக்கத்திலை நிண்ட மாதிரி இருந்தது.”

அந்த மனிதருக்கு எங்கள் மிஷனில் யாராவது எழும்பி நின்று நன்றி சொன்னோமா? பாட்டு நன்றாக இருந்தால் பாடினவருக்குப் பாராட்டு. பிரசங்கம் நன்றாக இருந்தால் சுவாமியாருக்கு. மைக் கீச்சிட்டால் மட்டும் அத்தனை தலையும் பின்னுக்குத் திரும்பும்!

சரி, கலியாணத்துக்கு வருகிறேன். அதற்கு முன் அவருடைய பற்றரிச் சட்டத்தைச் சொல்லவேண்டும். ஒவ்வொரு பூசைக்கும் மைக்குகளுக்குப் புதுப் பற்றரி போடுவார். புதியது வலப்பக்கப் பொக்கெற்றில். கழற்றிய பழையது இடப்பக்கத்தில். பாதி உயிர் மிச்சமிருக்கிற அந்தப் பழையது வீட்டுச் சுவர் மணிக்கூட்டுக்குப் போகும். பொக்கெற் மாறியதாகச் சரித்திரமே இல்லை.

சனிக்கிழமை அவர் புதுக் கோட் சூட்டில் வந்தார். மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று சீண்டினேன். அவருக்குச் சிரிக்க நேரமில்லை. ஓடி ஓடிப் பற்றரி மாற்றினார். பிறகு மகளின் கையைப் பிடித்து நடந்துவந்து, முன் வாங்கில் போய் இருந்தார். இருந்தவர் ஒழுங்காக இருந்தாரா? ஒவ்வொரு பாட்டுக்கும் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் றீற்றா அக்கா முழங்கையால் இடித்தார்.

மாப்பிள்ளை வாக்குறுதி சொல்லும்போது மைக் கரகரத்தது. கிளேரின் முறை வந்தது. சுவாமியார் மைக்கை அவள் வாயருகே பிடித்தார். அவள் வாய் அசைந்தது... சத்தம் இல்லை. மைக் செத்துவிட்டது.

கை வைக்காதே என்ற சொல்லை மறந்து ஏதோ ஒரு குமிழைத் திருகினேன். வேறு எங்கோ இருந்த மைக் கீச்சிட்டது பாருங்கள், காதைப் பொத்தாத ஆள் இல்லை! அத்தனை தலையும் பின்னுக்குத் திரும்பியது. என்னைப் பார்த்துத்தான்.

அன்ரன் அண்ணை எழும்பிவிட்டார். றீற்றா அக்கா கோட்டைப் பிடித்து இழுக்கிறார். மனிதர் நிற்பதாக இல்லை. ஒரு கால் வாங்குக்கு வெளியே வந்துவிட்டது. அவர் மட்டும் என்னிடம் ஓடிவந்தால், அந்தப் பிள்ளை ஒரு மாதம் பாடமாக்கியது எல்லாம் வீண்.

அப்போதுதான் கிளேர் கையைத் தூக்கினாள். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெல்ல அமத்தினாள்.

பதறாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்.

அவர் காலை உள்ளே இழுத்து, அப்படியே வாங்கில் இருந்துவிட்டார்.

அவள் மைக்கை விலக்கினாள். பிறகு தமிழில், வாய் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். ஓரிரு இடத்தில் நாக்கு பிரெஞ்சுப் பக்கம் இழுத்தது, அவள் விடவில்லை. கைக்குழந்தைகள்கூட அழவில்லை. கோயிலின் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் இருந்த எனக்கு ஒரு சொல் தப்பாமல் கேட்டது. முன் வாங்கில் அன்ரன் அண்ணையின் முதுகு குலுங்கியதும் தெரிந்தது. நானும் அழுதேன், மறைப்பானேன்.

பூசை முடிந்ததும் மனிதர் நேரே என்னிடம்தான் வந்தார். தொலைந்தேன் என்று நினைத்தேன். மைக்கைத் திறந்தார். பற்றரியை வெளியே எடுத்துப் பார்த்தார்.

“இது பழசு, தங்கச்சி. என்ரை பிழைதான்.”

கோட்டின் இடப்பக்கப் பொக்கெற்றைக் காட்டினார். கடையில் தைத்து வந்தபடியே, வாய் மூடிக் கிடந்தது. புதுக் கோட் பழக்கமில்லாத மனிதர், வலப்பக்கத் தையலை மட்டும்தான் பிரித்திருந்தார். அவசரத்தில் பழையதும் புதியதும் வலப்பக்கத்திலேயே விழுந்து கலந்துவிட்டன.

“விடுங்கோ அண்ணை. எல்லாருக்கும் வடிவாக் கேட்டதுதானே?”

“எத்தனை கலியாணம் பாத்திருப்பன்... எல்லாம் ஹெட்போனுக்குள்ளாலை. இண்டைக்குத்தான் சும்மா காதாலை கேட்டனான்” என்றார். கண் இன்னும் காயவில்லை.

பிறகு அந்தப் பழைய பற்றரியைக் கண் துடைத்த கைலேஞ்சியில் சுற்றி, கோட்டின் உள்பொக்கெற்றில், நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

வீட்டு மணிக்கூட்டுக்காம்... நானும் நம்பினேன்!