பென்சிலில் ஒரு திருத்தம்

டோர்வல் விமான நிலையப் பேருந்து நிறுத்தத்தில் குளிர் காதை அறுக்கிறது. பக்கத்தில் நிற்பவர் திருகோணமலைப் பெண். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டும் வேலை முடித்து வருகிறார். மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையில் சேர்ந்தவராம். கையில் அவர்களுடைய வேதம், பிரெஞ்சு மொழியில், அட்டை கிழிந்த பழைய பிரதி.

"இதில முந்தி ஒரு வசனம் இருந்தது, அண்ணை. விசுவாசம் வந்தால் கறுத்த சனம் வெள்ளையாகும் எண்டு. பேந்து வந்த பதிப்பில வெள்ளையை எடுத்துப்போட்டுத் தூய்மை எண்டு போட்டிட்டினம்."

"வேதத்துல கை வைக்கலாமா?" கொஞ்சம் நக்கலாகத்தான் கேட்கிறேன்.

"கடவுள் இன்னும் கதைக்கிறார் எண்டதுதானே எங்கட நம்பிக்கை. கதைச்சால் மாத்தத்தானே வேணும்."

"அப்புறம் எதுக்குப் பழைய பிரதி?"

கையுறையைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கத்தைத் திறக்கிறார். வெள்ளை என்ற சொல்லைப் பென்சிலால் அடித்து, மேலே தூய்மை என்று யாரோ பிரெஞ்சில் எழுதியிருக்கிறார்கள். கோட்டில் நடுக்கமே இல்லை. அதை எழுதிய கை எனக்குப் பிடித்துப்போகிறது.

"சபையில இருந்த ஒரு ஹெயிட்டி நாட்டுக் கறுத்த அம்மாவின்ர புத்தகம் இது. புதுப் பதிப்பு வர முன்னமே எழுதிப்போட்டா."

"யாரும் ஒண்ணும் கேக்கலையா?"

"கேட்டவையாம். கடவுள் எனக்கு முதல்லயே சொல்லிப்போட்டார் எண்டு சொன்னாவாம்."