காதில்லாத ஆவாரை

ஒன்பது வயதில் நான் ஒரு கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறேன். மஞ்சப்பை நிறையப் பூவும் இலையும் பறித்து வந்ததைத் தவிர அதற்காக நான் வேறு ஒன்றும் செய்யவில்லை.

அப்போது மில்லர்புரத்தில் எங்கள் வீடு. அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. அப்பாவின் கடைசித் தங்கை, என் அத்தை, எங்களோடு இருந்து கல்லூரியில் தாவரவியல் படித்தாள். கடையில் பொட்டலம் மடிக்க வைத்திருக்கும் பழைய செய்தித்தாளில் பாதி அவள் மெத்தைக்கு அடியில் கிடக்கும். அதற்குள் செடிகள் காய்ந்துகொண்டிருக்கும். நான் அவள் பக்கத்தில்தான் படுப்பேன். புரண்டால் மெத்தை மொறுமொறுக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரை. காலையில் ஆவாரம்பூக் கஷாயம் குடித்துவிட்டு, ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்று ஒரு முறை சொல்லிக்கொள்வார். அந்தத் தைரியத்தில் மத்தியானம் கடையில் உட்கார்ந்து முந்திரியும் சீனியும் சேர்த்த மக்ரூன் தின்பார். பூவும் கொழுந்தும் பறித்து வருவது என் வேலை. வீட்டுக்குப் பின்னால் சரளைப் பொட்டலில் ஆவாரை இடுப்பளவு நின்றது. மழை கண்டு மாசக்கணக்கானாலும் அது பாட்டுக்குப் பூக்கும். வேர் அவ்வளவு ஆழம் போகுமாம். ஆடுகூட வாய் வைக்காது. கண்ட மஞ்சள் பூவையெல்லாம் நான் பறித்து வந்ததைப் பார்த்துவிட்டு அத்தைதான் கூட்டிப் போய் அடையாளம் காட்டினாள்.

“இலைக்காம்பு தண்டுல சேருத இடத்தைப் பாரு. ரெண்டு பக்கமும் குட்டியா காது இருக்கா? காதைப் பாத்துப் பறிக்கணும். காது இல்லன்னா அது ஆவாரை இல்ல.”

அதன்பின் ஒவ்வொரு செடியின் காதையும் தொட்டுப் பார்த்துத்தான் பறிப்பேன். சில காதுகளில் ரகசியம்கூடச் சொல்லியிருக்கிறேன்.

அத்தையின் மூன்றாம் ஆண்டு தொடங்கிய ஆனி மாதத்தில் ஏரலிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்தப் பாத்திரக்கடை. ஆவணியில் கல்யாணம், பெண் மேற்கொண்டு படிக்க வேண்டாம் என்றார் தரகர். அத்தை அம்மாவிடம் இரண்டு நாள் அழுதாள். “பரீட்சையாவது எழுதிக்கிடுதேன். அண்ணன்ட்ட நீங்க சொல்லுங்க மைனி.” அம்மாவும் சொல்லிப் பார்த்தாள். “நல்ல இடம் வாரப்போ வேண்டாங்காளா? படிச்சது போதும்னு சொல்லு” என்று அப்பா முடித்துவிட்டார். எனக்கோ புதுப் பாவாடை கிடைக்கப்போகிற சந்தோஷம்.

பெண் பார்க்க வருகிற அன்று காலை பையோடு போனால், பொட்டலில் ஒரு செடி இல்லை. மனை போடுவதற்காக முந்தின நாள் ஜேசிபி விட்டு வழித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் சர்க்கரை, காப்பி தொட மாட்டார், அவருக்கும் சேர்த்துப் பறித்து வா என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். அழுதுகொண்டே துறைமுகச் சாலைவரை நடந்தேன். அங்கே கப்பலுக்குப் போகிற நிலாவாரை மூட்டைகளை அடுக்கும் கிட்டங்கி ஒன்று உண்டு. அதன் சுவரோரம், லாரியிலிருந்து சிந்திய விதை முளைத்து, மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நின்றது. அவசரத்தில் காதைப் பார்க்கவில்லை என்றுதான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் பார்த்தேன். காது இல்லை. இருந்தும் பறித்தேன்.

அடுப்படியில் அத்தை பட்டுச்சேலையோடு நின்றாள். பையைக் கவிழ்த்தாள். ஒரு கொப்பை எடுத்துத் தண்டைத் திருப்பி விரலால் தடவினாள். கூரான இலையைக் கிள்ளி முகர்ந்தாள்.

“ஏளா, இதை எங்கன பறிச்ச?”

“கிட்டங்கிப் பக்கம்.”

கையிலிருந்த கொப்பைக் குவியலிலேயே திரும்பப் போட்டாள். “சரி, நீ போய்த் தலை சீவு.”

வாசல்படியில் திரும்பிப் பார்த்தபோது, எல்லாவற்றையும் அள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். காதில்லாத ஆவாரையும் உண்டு போலிருக்கிறது என்று நிம்மதியாகத் தலை சீவப் போனேன்.

மாப்பிள்ளையின் அப்பா இரண்டு தம்ளர் குடித்தார். “கசாயத்துலயே கைப்பக்குவம் தெரியுதே” என்று மெச்சினார். அப்பாவும் விட்டுக்கொடுக்காமல் இரண்டு தம்ளர் குடித்தார். பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டது. திருச்செந்தூர் போய்க் கும்பிட்டுவிட்டுத் தேதி சொல்கிறோம் என்று சாப்பிட்ட கையோடு வேன் ஏறினார்கள்.

சாயங்காலம் அப்பா கடையைப் போட்டுவிட்டு மூன்று தடவை வீட்டுக்கு ஓடி வந்தார். நான்காம் தடவை வந்தவர் அடுப்படி மூலையில் கிடந்த சக்கையைக் கிளறினார். கடையில் தாமே விற்கிற சரக்கு அவருக்குத் தெரியாதா? “அடப்பாவி, நிலாவாரைலா! பேதிக்குக் குடுக்கதுலா இது!” என்று கத்திவிட்டு மறுபடி ஓடினார்.

மறுநாள் தரகர் வந்தார். மாப்பிள்ளையின் அப்பா மூன்று முறை வரிசையில் நின்றும் சன்னிதியை எட்ட முடியவில்லையாம். “முருகனே வழிவிடலைன்னு சொல்லுதாக அண்ணாச்சி. சம்பந்தம் வேண்டாமாம்.”

அம்மா என் முதுகில் இரண்டு வைத்தாள். கொதிக்க வைத்தவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. கல்யாணப் பெண், பாவம், பதற்றத்தில் எதைக் கவனித்திருப்பாள்? மூன்றாவது அடிக்கு அத்தை குறுக்கே வந்து விழுந்து, என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். “என்னை மன்னிச்சிருளா” என்றாள். துக்கத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் பேசுகிறாள் என்று நினைத்தேன். என் உயிரான அத்தையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பாவத்தைத் தீர்க்கச் செவ்வாய்க்கிழமை தோறும் தெருமுனைப் பிள்ளையாரைப் பதினொரு சுற்றுச் சுற்றினேன். அத்தைக்கு இந்த மாசமே மாப்பிள்ளை வர வேண்டும் என்று வாய்விட்டே வேண்டுவேன். அத்தையும் கூட வருவாள். கண்ணை இறுக மூடி, உதடு மட்டும் அசைய, என்னைவிட அதிக நேரம் கும்பிடுவாள். பிள்ளையார் அந்த வருஷம் முழுக்க ஒருவரையும் அனுப்பவில்லை. அத்தை பரீட்சை எழுதினாள். மேற்படிப்புக்கு விண்ணப்பமும் போட்டாள். நான்தான் மனம் தளராமல், ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே வரத்தைக் கேட்டால் சாமி எத்தனை நாளைக்குத் தராமல் இருக்கும் என்று அவளைத் தேற்றினேன்.

அத்தை என் தலையைத் தடவினாள். “நீ கொஞ்சம் மெதுவா வேண்டிக்கோளா” என்றாள்.

சத்தம் போடுவது அவளுக்குக் கூச்சமாக இருக்கிறது போலும் என்று, அன்று முதல் மனசுக்குள்ளேயே, முன்னைவிட உருக்கமாக வேண்டிக்கொண்டேன்.