கூரையில்லாத காரை அறுத்தோம்

முத்தியால்பேட்டையில் நான் தகடு தட்டுகிற வேலை பார்த்த பட்டறைக்கு ஒருநாள் கூரையில்லாத ரெண்டு சீட்டு கார் ஒன்று வந்தது. பிரெஞ்சுத் துரை ஒருத்தர், நாங்கள் முசியே என்போம், ஊருக்குக் கப்பலேறும்போது உப்பளத்தில் போட்டுவிட்டுப் போனது. முதலாளி ஆசைப்பட்டு வாங்கிவிட்டார். மேலே பார்த்தால் மாப்பிள்ளை மாதிரி இருக்கும். அடியில் கடல்காத்து தின்று வைத்திருந்தது. கதவுக்குக் கீழே நீளமாக ஓடுகிற இரும்புப் பெட்டியில் விரலை வைத்து அழுத்தினால் அப்பளமாக நொறுங்கியது.

எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் லாரியும் பஸ்ஸும்தான். அதிலே கீழே சேஸ் என்று கனத்த இரும்புச் சட்டம் தனியாகக் கிடக்கும். மேலே எதை அறுத்தாலும் அது தாங்கிக்கொள்ளும். இதிலும் அப்படித்தான் என்று முதலாளி, நான், கேஸ் வெல்டிங் பார்க்கிற பாய், மூணு பேருமே நினைத்தோம். முன்னாலும் பின்னாலும் மரக்கட்டை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, சம்மட்டிக்குக் கற்பூரம் காட்டிவிட்டு, ரெண்டு பக்கத்துப் பெட்டியையும் உளி போட்டு வெட்டியெடுத்தோம். இந்தக் காருக்குச் சேஸே கிடையாது, அந்தப் பெட்டிகள்தான் முதுகெலும்பு என்று யாருக்குத் தெரியும்?

மிச்சமிருந்த தகட்டை அறுக்க, கேஸ் குழாயை எடுத்துக்கொண்டு பாய் அடியில் படுத்துப் போனார். நெருப்பு சீறுகிற சத்தம். அப்புறம் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். கார் நடுவில் மடிந்து அவர் நெஞ்சு மேலே இறங்கிவிட்டது.

"மச்சான்!" என்று ஒரே ஒரு கத்து; என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அதுக்கப்புறம் கத்துவதற்கு அவருக்கு மூச்சில்லை.

நான் ஓடிப்போய் சிலிண்டரைத் திருகி அணைத்தேன். அதற்குள் அவர் லுங்கியில் நெருப்புப் பிடித்திருந்தது. கையாலேயே அடித்து அணைத்தேன். ஜாக்கி வைத்தால் அது துருப்பிடித்த தகட்டைப் பொத்துக்கொண்டு மேலே போகிறது. நடுவில் மட்டும் கெட்டியான இரும்பு இருந்தது. அங்கே கடப்பாரை போட்டுத்தான் நெம்ப வேண்டும். ஆனால் மடிந்த வேகத்தில் கதவு தரையில் குத்தி நின்று வழியை மறைத்திருந்தது. சம்மட்டியை ஓங்கினேன்.

முதலாளி கையைப் பிடித்தார். "டேய், அது நான் தட்டி நிமிர்த்தின கதவுடா! கழட்டி எடுத்துரலாம், பொறுடா!"

"பாய் செத்துட்டிருக்காருய்யா!"

"ரெண்டு போல்ட்டுதான்டா..."

விட்டேன் ஒரு குத்து, அவர் வாயிலேயே. ரத்தம் என் சட்டையில் தெறித்தது. அவர் விழுந்ததைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. முருகா, முருகா என்று சொல்லிக்கொண்டே கதவை அடித்தேன். அடிக்க அடிக்கத் துருவும் வண்ணமும் கண்ணில் வந்து விழுந்தது. கதவு பிய்ந்து தெருவில் போய் விழுந்தது.

கடப்பாரையைச் சொருகி மரக்கட்டை மேலே முட்டுக் கொடுத்துத் தொங்கினேன். கார் முனகிக்கொண்டு கொஞ்சம்போல எழுந்தது. "இழுய்யா!" என்றேன். முதலாளி ரத்தவாயோடு தவழ்ந்து வந்து பாயின் காலைப் பிடித்து இழுத்தார். தகட்டு விளிம்பு பாயின் வயிற்றைக் கிழித்துக்கொண்டே வந்தது. வெளியே வந்ததும் கடப்பாரை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போக, கார் தரையில் அறைந்து உட்கார்ந்தது.

ரிக்‌ஷாவில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவரை முதலாளிதான் பாயின் தலையை மடியில் வைத்திருந்தார். பாயின் உதடு மட்டும் அல்லா பேரைச் சொல்லி அசைந்தது. நான் என் சாமியிடம், இந்த ஆளை விட்டுவிடு, எதை வேணுமானாலும் எடுத்துக்கோ என்று கேட்டுக்கொண்டே கூட ஓடினேன்.

பாய்க்கு விலா எலும்பு முறிவு, வயிற்றில் தையல். மறுநாள் சாயங்காலம்தான் கண்ணைத் திறந்தார். கட்டில் இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உதடு வீங்கிய முதலாளி.

"கார் என்னாச்சு?" என்றார்.

"உன் மச்சான் சுக்குநூறா ஆக்கிட்டான்" என்றார் முதலாளி.

"உங்க வாய் என்னாச்சு?"

"அதுவும் அவன்தான்."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணி வர, "சிரிக்க வெக்காதீங்கடா பாவிங்களா, குத்துது, குத்துது" என்று எங்கள் ரெண்டு பேரையும் திட்ட ஆரம்பித்தார்.