கொழுப்பு எடுத்த வயிறும் நான் பார்க்காத காலும்

1. எண்ணெய்க் கிண்ணம்

"தொடாதீங்க! கையை எடுங்க!"

முப்பத்து நான்கு வருடம் சத்திரசிகிச்சை வார்டில் தாதியாக இருந்தவள் நான். கத்துவது எனக்குப் புதிதல்ல. என்னிடம் வேலை பழகிய பிள்ளைகளைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆனால் பயந்து கத்தியது அன்று மட்டும்தான்.

ஓய்வு பெற்ற பிறகு கடற்கரை ஊரான ஆலங்குடாவில் வீடுகளுக்குப் போய்க் காயங்களுக்கு டிரெசிங் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குப் பின்னேரம், அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி றிஸ்மியாவின் வீட்டுக்குப் போனேன். பெயரை மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். கொழும்பில் ஒபரேஷன் செய்துவிட்டு வந்து அன்றைக்கு ஆறாவது நாள். அவள் கட்டிலில் கிடந்தாள். மாமியார் கால்மாட்டில் உட்கார்ந்து, சூடாக்கிய தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, மருமகளின் இடது கெண்டைக்காலை உருவப் போனார். அந்தக் கால் மற்றக் காலைவிட வீங்கியிருந்தது வாசலிலிருந்தே எனக்குத் தெரிந்தது.

"என்ன மிஸ், எண்ணெய்தானே? கால் இழுத்துப் பிடிச்சு ஈக்குது. நல்லா உருவி விட்டா சரியாப் போகும்."

"உருவினா உயிருக்கு ஆபத்து ராத்தா. தயவு செய்து கையை எடுங்க."

அவர் முகம் சுருங்கிப் போனது. விளக்கம் சொல்ல நேரமில்லை. டேப்பை எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். இடது பக்கம் மூன்று சென்டிமீட்டர் கூட. தொட்டால் சுட்டது. பேசும்போது அவளுக்கு மூச்சு வாங்கியது.

"நெஞ்சு நோகுதா மகள்?"

"மூச்சு உள்ள இழுக்கக்குள்ள குத்துது மிஸ்."

காலின் ஆழத்து நாளத்தில் இரத்தம் கட்டியிருக்கிறது, அதில் ஒரு துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கவும் கூடும் என்று நினைத்தேன். கட்டி உள்ள காலை உருவிவிட்டால் மிச்சத்தையும் நாமே தள்ளிவிடுகிறோம். பக்கத்து வீட்டு வான் வண்டியைக் கூப்பிட்டேன். அவளை நடக்க விடாமல் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய் ஏற்றினோம்.

2. மூன்றாம் நாள்

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

றிஸ்மியாவுக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் வயிற்றை வெட்டி எடுத்த சீசர். பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் கைட் சேர்ஃபிங் செய்ய வரும் வெள்ளைக்காரர்களுக்குச் சமைத்துக் கொடுத்துச் சம்பாதிப்பவள். ஒரு வருடமாக விடியற்காலையில் கடற்கரையில் நடந்து உடம்பைக் குறைத்திருந்தாள். ஆனாலும் அடிவயிற்றிலும் இடுப்பிலும் இருந்த கொழுப்பு அசையவே இல்லை. அதை எடுக்கத்தான் கொழும்புக்குப் போய் லைபோசக்‌ஷன் செய்துகொண்டாள். கட்டாரில் இருந்த புருஷனுக்குத் தெரியும். மாமியாருக்கு மட்டும் பித்தப்பையில் கல் என்று சொல்லியிருந்தாள். அல்லாஹ் தந்த உடம்பை அழகுக்காக வெட்டக் கொடுத்தாயா என்று அவர் கேட்பார் என்ற பயம்.

மாமியார் கெட்டவர் அல்ல. அதுதான் சிக்கல். ஒபரேஷன் என்றால் பிள்ளை பெற்றவளைப் போல நாற்பது நாள் படுக்க வேண்டும் என்பது அவருடைய கணக்கு. மருமகளைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. தண்ணீரையும் அளந்துதான் கொடுத்தார். சமையல், பிள்ளைகள், வீடு எல்லாவற்றையும் முழங்கால் வலியோடு தானே இழுத்துப் போட்டுச் செய்தார்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். அன்றைக்கே எழும்பி நடக்க வேண்டும், நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், வயிற்றைச் சுற்றிப் போடும் இறுக்க உடுப்பைச் சொன்ன காலம் வரைக்கும் போட வேண்டும், ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. ஆனால் அந்தத் தாள் மாமியாரின் கண்ணில் படக்கூடாது என்று அலுமாரியில் சாரிகளுக்கு அடியில் கிடந்தது.

மூன்றாம் நாள் முதல் தடவையாக டிரெசிங் மாற்றப் போனேன். காற்றுக் காலம். மணல் உள்ளே அடிக்காமல் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டை அவிழ்த்தேன். அதுதான் சாட்டு என்று மாமியாரை வெளியே இருக்கச் சொன்னாள் றிஸ்மியா. உண்மையை அப்போதுதான் எனக்குச் சொன்னாள். யாருக்கும் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சின்னச் சின்ன ஓட்டைகளில் இருந்து இளஞ்சிவப்புத் தண்ணீர் கசிந்து பஞ்சு நனைந்திருந்தது. அதைக் கண்டு நடுங்கிப் போயிருந்தாள்.

"இரத்தம் ஓடுது மிஸ். தொழலாமா எண்டும் தெரியல்ல."

"கொழுப்பைக் கரைக்க உள்ளே ஏத்தின தண்ணிதான் திரும்பி வருது. ரெண்டு மூணு நாள் வரும். தொழுகையை மௌலவிக்கிட்ட கேளு, என்னட்ட கேட்டா பஞ்சை மாத்து எண்டுதான் சொல்லுவன்."

சிரித்தாள். பிறகு சொன்னாள்: "மிஸ், இடது கால் கொஞ்சம் இழுக்குது."

நான் சொன்ன பதில் எனக்கு இன்றைக்கும் சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"அழகு வேணுமெண்டா கொஞ்சம் நோகத்தானே செய்யும்!"

சொல்லிவிட்டுச் சிரித்தேன். காலைப் பார்க்கவில்லை. போர்வையை ஒரு சாண் தூக்கினால் போதும், தூக்கவில்லை. இதுவே சீசர் செய்த தாயாக இருந்திருந்தால் கேட்காமலேயே கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்திருப்பேன். கை தானாகவே போகும். ஆனால் கட்டில் இல்லாமல் நிலத்தில் பாய் போட்டுக் கிடந்த நோயாளிகளைப் பார்த்தே காலம் போனவள் நான். நல்ல உடம்பைக் கத்திக்குக் கொடுத்தவளுக்கு என்ன பரிதாபம் என்று உள்ளுக்குள் ஒரு இளக்காரம். இத்தனைக்கும் என் உடம்பும் பெருத்ததுதான், மாடிப்படி ஏறினால் எனக்கே மூச்சு வாங்கும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது.

3. டொக்டர் கேட்ட கேள்வி

ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரைக்கும் மாமியார் எண்ணெய்க் கையைத் துடைக்கவும் மறந்து மருமகளின் கையைப் பிடித்தபடி ஓதிக்கொண்டே வந்தார்.

அங்கே இருந்த டொக்டர் வயதில் இளையவர், ஆனால் விஷயம் தெரிந்தவர். மூச்சுக்கு ஒட்சிசன் கொடுத்தார், ஸ்கேனுக்கு எழுதினார், ஊசி ஒன்று போட வேண்டும் என்றார். பிறகு கேட்டார்.

"என்ன ஒபரேஷன்?"

றிஸ்மியா மாமியாரைப் பார்த்தாள். "கல்லு," என்றாள்.

டொக்டர் எழுதிக்கொண்டார். இரத்தம் கட்டாமல் இருக்க ஊசி போடப் போகிறார்கள். பித்தப்பை ஒபரேஷனில் வெளியே தெரியும் காயமும் சிறியது, உள்ளே இருப்பதும் ஓரிடத்தில்தான். இவளுக்கோ வயிறும் இடுப்பும் தோலுக்கு அடியில் முழுக்கப் பச்சைப் புண். ஊசி போட்டால் அங்கே இரத்தம் கசியலாம். அது தெரியாமல் மருந்தின் அளவை எப்படித் தீர்மானிப்பார்? காலையும் நெஞ்சையும் மட்டும் பார்த்துவிட்டு வயிற்றை விட்டுவிட்டால்?

"ராத்தா, கொஞ்சம் வெளியே நில்லுங்க," என்றேன். மாமியார் அசையவில்லை. பிடித்த கையை விடவும் இல்லை.

குனிந்து றிஸ்மியாவின் காதில் சொன்னேன். "மகள், ஊசி போடுறதுக்கு முந்தி இவருக்கு உண்மை தெரியணும். நான் வாக்குக் குடுத்தன்தான். நீ சொல்லுறியா, நான் சொல்லட்டா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணீர் காதுப் பக்கமாக இறங்கியது.

"மாமி, கல்லு இல்ல. கொழுப்பு எடுத்த. பொய் சொன்னன். மன்னிச்சுக்கோங்க."

டொக்டரின் பேனா நின்றது. மாமியார் டொக்டரைப் பார்த்துச் சொன்னார்.

"எதை எடுத்தா என்ன வாப்பா. அவ எனக்கு வேணும். நீங்க ஊசியைப் போடுங்க."

டொக்டர் முதல் எழுதியதை வெட்டிவிட்டு மேலே இருக்கும் ஸ்பெஷலிஸ்டுக்கு அழைத்தார். கொழும்பில் ஒபரேஷன் செய்த டொக்டரோடும் கதைத்தார்கள். ஊசி தொடங்கியது. வயிற்றைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டு வைத்து, வீக்கம் கோட்டைத் தாண்டுகிறதா என்று மணிக்கு மணி பார்த்தார்கள். ஸ்கேனில் காலில் கட்டியும் நுரையீரலில் சின்னதாக ஒரு துண்டும் தெரிந்தன. ஆஸ்பத்திரியில் சேர்ந்த பத்தாவது நாள் அவள் வீட்டுக்கு வந்தாள். இரத்தம் கட்டாமல் இருக்க மாதக் கணக்கில் குளிசை குடிக்கச் சொன்னார்கள்.

4. வாசலில் கேட்டது

இரண்டு மாதம் கழித்து, பின்னேரத்தில், மாமியாரும் மருமகளும் கடற்கரை வீதியால் நடந்து வந்தார்கள். வயிற்று வீக்கம் மெல்ல மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. உடனே ஒட்டிப் போகும் என்று நினைத்திருந்தாளாம். ஆறு மாதம்கூடப் போகலாம் என்றேன். கொழுப்பு எடுப்பதால் தோல் தொங்குவது போகாது, நிறையும் பெரிதாகக் குறையாது, சில இடங்கள் மரத்துக் கிடந்து பிறகுதான் உணர்ச்சி வரும். இதையெல்லாம் இப்போது என்னிடம் கேட்டு வருகிற பெண்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் பார்த்துக்கொள்கிற ஒருத்தருக்காவது உண்மை தெரிந்திருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அன்றைக்கு என் வாசலில் நின்று மாமியார் கேட்டார்.

"இவ எனக்குப் பயந்து மறைச்சா. அது எங்க வீட்டுப் பிரச்சினை. நீங்க தெரிஞ்சவங்க மிஸ். என்ன ஒபரேஷன் எண்டு சொல்லாமலே, 'இவளை நடக்க விடுங்க' எண்டு எனக்கு ஒரு வார்த்தை சொல்லியீக்கலாமே?"

சொல்லியிருக்கலாம். இரகசியத்தைக் காப்பாற்ற வாயை முழுக்க மூட வேண்டிய தேவை இருக்கவில்லை. எந்த ஒபரேஷனாக இருந்தாலும் நடக்கத்தான் வேண்டும். அதைச் சொன்னால் யாருடைய வாக்கும் முறியாது. அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

தேத்தண்ணீர் கொடுத்த பிறகு றிஸ்மியாவிடம் சொன்னேன். "மகள், மூணாம் நாள் நீ கால் இழுக்குது எண்டு சொன்னாய். நான் பார்க்கல்ல. பிழை என்னுடையது."

"தெரியும் மிஸ்," என்றாள். குரலில் கோபம் இல்லை. "அண்டைக்கு நீங்க சிரிச்சீங்க. அதுக்குப் பிறகு காலைப் பத்திச் சொல்ல எனக்கு வெக்கமாப் போச்சு."

தாதி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் எழுதி வைக்க நினைத்தது இதைத்தான். நோயாளி ஏன் வெட்டிக்கொண்டாள் என்று பார்ப்பது நமது வேலை அல்ல. நாம் ஒரு தடவை சிரித்தால் அவள் அடுத்த தடவை வாயைத் திறக்கமாட்டாள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் போர்வையைக் கால் பக்கமாக விலக்கி இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுப் பார்க்கிறேன். என்ன ஒபரேஷன் என்று அதற்குப் பிறகுதான் கேட்கிறேன்.