ஏழாம் நம்பரில் வந்த தேர்தல்

யோகராணிக்குப் படிக்காமலே பிரதி எடுக்க வரும். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. கொழும்பு மத்திய தந்தி நிலையத்தில் பதினொரு வருஷம் வேலை பார்த்தவள். வருகிற சொல் கைக்குப் போகட்டும், மனதுக்குப் போகவேண்டாம் என்பது அங்கே சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சாவுத் தந்தியும் கலியாணத் தந்தியும் ஒரே வேகத்தில்தானே போகவேண்டும்? 1974இல் கணவர் நித்தியானந்தனோடு சிட்னிக்கு வந்தபோது, ஒரு செய்தி நிறுவனம் அவளை டெலிபிரிண்டர் அறையில் சேர்த்துக்கொண்டதும் அந்தக் கைக்காகத்தான். வீடு கிரவீனில். பெண்டில் ஹில்லில் ரயில் ஏறுவாள். அறையில் ஆறு இயந்திரங்கள் நாள் முழுக்கக் கடகடவென்று உலகச் செய்திகளைத் துப்பும். அவள் கிழித்து, நாடு வாரியாகப் பிரித்து, ஆசிரியர்களின் தட்டுகளில் போடுவாள்.

ஏழாவது இயந்திரம் ஒன்றும் இருந்தது. அதன் இணைப்பை வெட்டி இரண்டு வருஷம். பிளாஸ்டிக் உறை போட்டு மூலையில் விட்டிருந்தார்கள்.

அவளுடைய தம்பி கேதீஸ்வரன் வேறு ரகம். கொழும்பில் ஒரு கந்தோரில் கிளார்க். கிரிக்கெட்டுக்கு அலைகிறவர்கள் உண்டு, சினிமாவுக்கு அலைகிறவர்கள் உண்டு. இந்தப் பிள்ளை அமெரிக்கத் தேர்தலுக்கு அலைந்தான். போய்ப் பார்க்காத ஓஹையோவில் எந்த ஊர் எந்தக் கட்சிக்குப் போடும் என்று அவனிடம் கேட்கலாம். அக்காவுக்கு எழுதும் ஆகாயக் கடிதத்தில் சுகம் விசாரிப்பு இரண்டு வரி, மிச்சமெல்லாம் அதுதான். 1976இல் பதவியிலிருந்த ஜனாதிபதியை எதிர்த்து நின்ற ஜோர்ஜியாக்காரர்மேல் அவனுக்கு உயிர். சிட்னிக்கு வர விசா கிடைத்திருந்தது. தேர்தல் முடியட்டும், பெப்ரவரியில் வாறன் என்று எழுதியிருந்தான்.

நவம்பர் மூன்றாம் தேதி பின்னேரம் ஆறு இயந்திரங்களும் மணியடித்து, ஜோர்ஜியாக்காரர் வென்றார் என்றன. அன்றைக்கு மட்டும் யோகராணி படித்தாள். தம்பி இப்போது குதிப்பான் என்று நினைத்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே மூலையில் உறைக்குள் ஏழாம் நம்பர் அடிக்கத் தொடங்கியது.

உறையைத் தூக்கிப் பார்த்தாள். ஓஹையோவும் ஹவாயும் கடைசி நேரத்தில் மாறிவிட்டன, பதவியிலிருந்தவரே வென்றார் என்று தாளில் இருந்தது. அனுப்புகிறவர் தன் பெயரின் இரண்டு இங்கிலீஷ் எழுத்தை அடியில் போடுவது வழக்கம். அங்கே வை.ஆர். என்று இருந்தது. அந்த அறையில் வை.ஆர். அவள் ஒருத்திதான்.

இயந்திரம் பழுதுபார்க்கும் நாகராஜன் திருச்சிக்காரர். கூப்பிட்டுக் காட்டினாள்.

"அக்கா, இதுல மோட்டாரே கிடையாது. போன மாசம் நான்தான் கழட்டி நாலாம் நம்பருக்குப் போட்டேன்," என்றார் அவர். தாளைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது. "யாரோ விளையாடுறாங்க," என்று சொல்லிவிட்டுப் போனவர், அதன்பிறகு அந்த மூலைப் பக்கமே வரவில்லை.

அதற்குப் பிறகு கிழமைக்கு ஒரு தடவையாவது அது அடித்தது. தோற்ற கட்சிக்குள் குத்துவெட்டு. தெற்கத்தி ஆளை நிறுத்தித்தான் கெட்டோம் என்றன வடக்கின் தொழிற்சங்கங்கள். நீங்கள் வேலை செய்யாமல்தான் எங்கள் ஆள் தோற்றார் என்றார்கள் தெற்கின் ஆளுநர்கள். மார்ச்சில் அவர்கள் தனிக் கட்சி கண்டார்கள். எதிரி உடைந்த துணிவில் வென்ற கட்சியும் அடித்துக்கொண்டு பிளந்தது. மே மாதம் இரண்டு கட்சி இருந்த இடத்தில் நாலு. எங்கும் நடக்காத இந்தக் கூத்தெல்லாம் வை.ஆர். போட்டு ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. யோகராணி தாள்களை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கணவரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போவார். அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு தாளையும் எறிய மனம் வரவில்லை.

பெப்ரவரியில் தம்பி வரவில்லை. கடிதம்தான் வந்தது. 'அக்கா, என்ரை ஆள் வெண்டிட்டார். அவரின்ரை கட்சியைப் பற்றித் தொடர் எழுதச் சொல்லிப் பேப்பரிலை கேட்டிருக்கினம். ஆகஸ்ட் வரைக்கும் எழுதி முடிச்சுப்போட்டு வாறன்.' அவனுடைய பெயர் முதல்முறையாக அச்சில் வந்த துண்டையும் வைத்திருந்தான். யோகராணிக்குப் பெருமை பிடிபடவில்லை.

ஆகஸ்டில் தொடர் முடிந்தது. அம்மாவிடம் சொல்லிக்கொண்டு வெளிக்கிடலாம் என்று அவன் யாழ்ப்பாண ரயிலில் ஏறினான். அந்தக் கிழமைதான் கலவரம். வழியில் ரயிலை மறித்துத் தமிழ்ச் சனத்தை இறக்கி அடித்தார்கள். அந்தச் செய்தி மூன்றாம் நம்பரில் பிற்பகல் இரண்டு மணிக்கு வந்தது. யோகராணி கிழித்தாள், இலங்கைத் தட்டில் போட்டாள், தேநீர் குடிக்கப் போனாள். கை வாங்கியது, மனம் வாங்கவில்லை. நாலாம் நாள் வீட்டுக்குச் சாவுத் தந்தி வந்த பிறகுதான், அந்தத் தாளைத் தன் கையாலே கிழித்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அந்தக் கையை அவள் வெறுத்தாள். சோற்றில் வைக்கவும் கூசியது.

செப்டெம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அறையில் அவள் மட்டும். ஏழாம் நம்பர் அடித்தது. நாலு கட்சியும் செனற்றில் ஒன்றையும் நிறைவேற்ற விடவில்லையாம். அடியில் வை.ஆர்.

இத்தனை மாதத்தில் முதல்தடவையாக அவள் அதன் விசைகளில் கை வைத்தாள். இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்தாள்.

"ஆர் நீ?"

"யோகராணி. நீ?"

"நானும்."

கொஞ்ச நேரம் இயந்திரம் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. மோட்டார் இல்லாத இயந்திரம்.

"தம்பி எங்கை?" என்று அடித்தாள்.

"இங்கைதான். பெப்ரவரியிலையே வந்திட்டான். தோத்த ஆளைப் பற்றி ஆர் தொடர் கேக்கிறது? இப்பவும் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து பக்கத்துக் கதிரையிலை இருக்கிறான். ஏன் கேக்கிறாய்?"

அங்கே இருந்தவளும் யோகராணிதானே, சொல்லாமலே விளங்கிக்கொண்டாள்.

"அவனை அடிக்கச் சொல்லு," என்றாள் இவள்.

எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஒரு விரலால் தேடித் தேடி அடிக்கிறவனின் எழுத்து.

"அக்கா, இதென்ன பகிடி? இங்கை பக்கத்திலை இருந்துகொண்டு இந்த அக்கா அழுகிறா. சரி, அங்கை ஆர் வெண்டது?"

"உன்ரை ஆள்."

"உண்மையாவோ? ஓஹையோவும்?"

"ஓம்."

"கட்சி உடையேல்லையோ?"

"இல்லை."

"அப்ப அங்கை இருக்கிற நான் குடுத்துவைச்சவன். இங்கை எல்லாம் நாசம். நான் அங்கை பிறந்திருக்கவேணும்."

யோகராணி வாயைப் பொத்திக்கொண்டாள். விசைப்பலகை கலங்கித் தெரிந்தது. இயந்திரம் மறுபடி அடித்தது.

"அவனைக் கூப்பிடுங்கோ அக்கா. வெண்ட அண்டைக்கு எப்பிடி இருந்தது எண்டு ஒருக்காக் கேக்கோணும்."

சொல்லிவிடலாமா என்று பார்த்தாள். சொன்னால் அங்கே உயிரோடு இருக்கிறவன் தன் சாவைத் தானே படிப்பான். படிக்கிறவன் அவன், எழுத்தெழுத்தாகப் படிப்பான்.

"அவன் வெளியிலை போயிட்டான்," என்று அடித்தாள்.

"எப்ப வருவான்?"

"தெரியாதடா."

"பரவாயில்லை அக்கா. அவன் ஆறுதலா வரட்டும். நான் இருக்கிறன்."